அத்தைக்கு முதலில் வாங்கிப் பார்த்த மாத்திரை

என் மாமியாருக்கும் என் அம்மாவுக்கும் இரண்டே வயதுதான் வித்தியாசம். இருவருக்கும் சர்க்கரை, இருவருக்கும் பிரஷர், இருவருக்கும் கொழுப்புக்கு ராத்திரி ஒரு மாத்திரை. அத்தை எங்களோடு ஸ்ரீரங்கத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அம்மா பாலக்கரையில், நான் பிறந்து வளர்ந்த வீட்டில் தனியாக இருக்கிறார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அதனால் இரண்டு பேருக்கும் மாத்திரை வாங்குவது என் வேலை. தன் அம்மா எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டால் என் கணவருக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வைத்தியச் செலவு என்றால் எல்லாரும் ஆஸ்பத்திரியையும் ஆபரேஷனையும் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது கரண்ட் பில் மாதிரி மாதா மாதம் வருவது. அத்தைக்கு ஸ்ரீரங்கத்திலேயே ஒரு டாக்டர். அம்மாவுக்குத் தில்லைநகரில் ஒரு டாக்டர். இரண்டு பேருமே நல்லவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் சீட்டில் ஒரு வரி கூடுமே தவிர, ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை. எது கட்டாயம் சாப்பிட வேண்டியது, எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. சீட்டைக் கொடுப்பேன், பணத்தைக் கொடுப்பேன், பையை வாங்கிக்கொண்டு வருவேன்.

என் கணவர் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இது நடந்த வருஷம் பட்டறைக்கு ஆர்டர் குறைந்து, ஓவர்டைம் நின்றுபோனது. வீட்டில் எதைக் குறைக்கலாம் என்று பேச்சு வந்தபோது மாத்திரையை யாரும் சொல்லவில்லை. அது என் மனதில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

என்னோடு வேலை பார்க்கும் ஓர் அம்மா, வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன் முடிந்து வருஷக்கணக்கில் மருந்து வாங்குகிறவர், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஜெனரிக் கடை ஒண்ணு இருக்கு. சீட்ட எடுத்துட்டுப் போங்க. அதே மருந்துதான், பேரு மட்டும் வேற. நான் அங்கதான் வாங்குறேன்."

"எப்படிங்க அவ்வளவு கம்மியா தர முடியும்?"

"விளம்பரம் இல்ல, கமிஷன் இல்ல. வேற என்ன?"

கேட்டுக்கொண்டேன். நம்பவில்லை. நூறு ரூபாய்க்கு விற்கும் ஒன்றை யாராவது இருபது ரூபாய்க்குக் கொடுத்தால் அதில் எண்பது ரூபாய்க்கு ஏதோ இல்லாமல்தான் இருக்கும் என்று நினைக்கிற ஆள் நான். புடவையை அப்படித்தான் பார்த்திருக்கிறேன், குக்கரை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். மாத்திரைக்கு மட்டும் வேறு புத்தி எங்கிருந்து வரும்?

ஆனால் ஓவர்டைம் நின்றது நின்றதுதான். ஒரு வாரம் யோசித்தேன். அந்த வாரக் கடைசியில் எனக்குள் நான் சொல்லிக்கொண்ட வார்த்தை இதுதான்: முதல்ல அத்தைக்கு வாங்கிப் பார்ப்போம்.

அப்போது அது ரொம்பச் சாதாரணமான யோசனையாகத்தான் இருந்தது. அத்தை கூடவே இருக்கிறார், ஏதாவது ஆனால் உடனே தெரிந்துவிடும், அம்மா தனியாக இருக்கிறார் என்று ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். காரணம் நியாயமாகவே இருந்தது. ஆனால் முதலில் யாருக்கு என்பதை முடிவு செய்த பிறகுதான் அந்தக் காரணத்தைத் தேடினேன். அது எனக்குத் தெரியும்.

கடை சின்னது. ஏசி கிடையாது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண்தான் கவுண்டரில் இருந்தாள். எனக்கு முன்னால் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், மனைவிக்கு மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கி மஞ்சள் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்தபடி நின்றேன். எங்கள் காலேஜ் ஆட்கள் யாராவது அந்த வழியே போனால் பார்த்துவிடுவார்களோ என்று பயம். மருந்து மலிவாக வாங்குவதில் என்ன கேவலம் என்று இன்று கேட்கத் தோன்றுகிறது. அன்று சீட்டை நாலாக மடித்தபடியே நீட்டினேன்.

அந்தப் பெண் சீட்டைப் படித்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு பெயர் எழுதி, மாத்திரைகளை எடுத்து வைத்தாள். பில்லைப் பார்த்ததும் தப்பாகப் போட்டுவிட்டாளோ என்று இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் கூடியது.

அத்தைக்கு வாரத்துக்கான மாத்திரைகளைக் காலை, மாலை என்று கட்டம் போட்ட டப்பாவில் நான்தான் எடுத்து வைப்பேன். அதனால் அட்டையை அவர் பார்க்க வழியில்லை. முதல் நாளே கேட்டார்.

"இது முன்ன மஞ்சளா இருந்துச்சே. இப்ப வெள்ளையா இருக்கு?"

"கம்பெனி மாறியிருக்கு அத்தை. மருந்து அதேதான்."

சொன்னது உண்மை. ஆனால் நான் பொய் என்று நினைத்துக்கொண்டே சொன்ன உண்மை. அத்தை தண்ணீரை எடுத்து, அண்ணாந்து விழுங்கிவிட்டு, அன்றைய பேப்பரைப் பிரித்தார்.

மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ரிசல்ட் வரும் நாளெல்லாம் பழைய ரிசல்ட்டைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பேன். எப்போதும் போலத்தான் இருந்தது. ஒரு மாதம் சர்க்கரை கொஞ்சம் குறைந்துகூட இருந்தது. டாக்டர் நல்லா இருக்கீங்க என்றார். அப்படி எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதமும் அம்மாவுக்கு நான் தில்லைநகரில், ஏசி ஓடும் கடையில், பழைய பெயர் போட்ட பழைய மாத்திரையைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். வாங்கிப் பார்ப்போம் என்றவள் பார்த்தும் ஆயிற்று, நன்றாகவும் இருந்தது. பிறகும் அம்மாவுக்கு மாற்றவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அத்தையின் மருந்துக்கென்று என் கணவர் மாதம் ஒரு தொகை தருவார். செலவு குறைந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் தருவதை அப்படியே வாங்கிக்கொண்டு, மீந்ததை அம்மாவின் மருந்துக்குப் போட்டேன். என் சம்பளத்தில் அம்மாவுக்குச் செய்வதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்காமல் எடுத்தேன்.

பிறகு அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. சொட்டு மருந்து போட ஆள் வேண்டும் என்று ஸ்ரீரங்கத்துக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டேன். அத்தையின் அறையிலேயே இன்னொரு கட்டில் போட்டோம். இரண்டு பேரும் நன்றாகப் பழகிவிட்டார்கள். காலையில் சேர்ந்து ஜெபமாலை சொல்வார்கள், பிறகு ஒருவர் மருமகளையும் மற்றவர் மகளையும் பற்றிக் குறை பேசுவார்கள். இரண்டும் நான்தான் என்பதால் எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து அடுக்களையில் சட்னி தாளித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பிரஷர் மாத்திரை முந்தின நாளே தீர்ந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. தெருமுனைக் கடைக்கு என் கணவர் போய் வந்தார். அந்தப் பெயரில் இல்லையாம், வேறு கம்பெனி இருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம், நாளைக்கு நானே தில்லைநகர் போய் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அறைக்குள்ளிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"சம்பந்தி, இன்னிக்கு ஒரு நாளைக்கு என்னோடத போட்டுக்குங்க. எனக்கும் பிரஷருக்குத்தான் குடுத்திருக்காங்க."

நான் கரண்டியோடு ஓடினேன். அம்மா மாத்திரையைக் கையில் வாங்கி, இன்னொரு கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அந்த உள்ளங்கையிலிருந்து மாத்திரையை எடுத்துவிட்டேன்.

அடுத்தவர் மாத்திரையைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்பது சரியான பேச்சு. அதைச் சொல்லியிருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் அதைச் சொல்லவில்லை.

"அது விலை கம்மி மாத்திரைம்மா. உனக்கு ஒத்துக்காது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. அம்மா ஒன்றும் புரியாமல் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். மற்ற கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தது. அத்தை டப்பாவின் மூடியை மூடினார். கோபமாக இல்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"எனக்கு ஒத்துக்குதாம்மா?"

நான் "டோஸ் வேற அத்தை" என்று என்னவோ முனகினேன். அடுப்பில் சட்னி தீயும் வாசனை வந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.  என் கணவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டே டிவி பார்த்தார். அத்தை தன் பங்குக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்தார். வழக்கமாக நான்தான் கழுவுவேன்.

மறுநாள் காலையில் அம்மாவின் காலி அட்டையையும் அத்தையின் அட்டையையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. ஆபீசுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு நேராக அந்தச் சின்னக் கடைக்குப் போனேன். கவுண்டரில் அதே பெண்தான் இருந்தாள். இரண்டு அட்டைகளையும் வைத்து, "இது ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கேட்டேன்.

அவள் இரண்டையும் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டும் டெல்மிசார்ட்டான்தான் மேடம். ரெண்டும் நாப்பது மில்லிகிராம். பாருங்க, மேல பெருசா இருக்கறது கம்பெனி வச்ச பேரு. கீழ பொடி எழுத்துல இருக்குல்ல, அதான் மருந்து. அது ஒண்ணா, அளவு ஒண்ணான்னு பாத்தாப் போதும்."

"அப்ப இவ்வளவு விலை வித்தியாசம்?"

"பேருக்குத்தான் மேடம்."

வேறு யாரும் இல்லாததால் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னாள். டாக்டரிடமே மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. தைராய்டு, வலிப்பு மாதிரி சிலதுக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்றக் கூடாது. மாத்திரையை நாமாக நிறுத்தவோ பாதியாக உடைத்துச் சாப்பிடவோ கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லா அட்டைகளையும் டாக்டர் முன்னால் கொட்டி, இதெல்லாம் இன்னும் வேண்டுமா என்று கேட்க வேண்டும். அதுவும் முடியாதவர்களுக்கு அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இலவசமாகவே தருகிறார்கள். எல்லாம் நான் பல வருஷத்துக்கு முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டியவை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

மருந்து ஒன்றுதான் என்று தெரிந்ததும் மனப்பாரம் இறங்கிவிடும் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். கடையை விட்டு வெளியே வந்து நின்றபோது அதற்கு நேர்மாறாக இருந்தது. அத்தைக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. செய்தது கெடுதலாக இல்லாமல் போனது என் நல்ல காலம், அவ்வளவுதான். அது மட்டமான மருந்து என்று நம்பித்தான் எட்டு மாதம் என் கையால் எடுத்து வைத்தேன். அம்மா வாய்க்குப் போகும்போது அதே மாத்திரையைப் பிடுங்கினேன்.

அந்த வாரம் கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். சாமியார் சின்ன வயசுக்காரர், ஜலதோஷம் பிடித்திருந்தது. என்ன பாவம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"அவங்க உடம்புக்கு எதாச்சும் ஆச்சா?"

"இல்ல ஃபாதர். அதே மருந்துதானாம்."

"பிறகு என்ன வருத்தம்?"

"அதே மருந்துன்னு அப்ப நான் நம்பல ஃபாதர்."

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். அவர் ஜெபம் சொல்லி அனுப்பிவிட்டார். சொல்லுங்கள் என்று அவர் கட்டாயப்படுத்தவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

நான் சொல்வதற்கு முன்னால் அம்மா முந்திக்கொண்டார். பாலக்கரைக்குத் திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, மொட்டை மாடியில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றார்.

"எனக்கு ஒசந்த மாத்திரை வாங்கித் தரச் சொல்லி நான் எப்பவாச்சும் கேட்டேனா?"

"இல்லம்மா."

"அந்த அம்மா முகத்துல நான் எப்படி முழிக்கிறது? ஒரே ரூம்ல படுத்திருக்கோம்."

அம்மா கொடியில் கிடந்த துணியை இழுத்து நேராக்கினார். நான் செய்ததற்கு அவர் கூசிக்கொண்டிருந்தார். துணியை உதறிக்கொண்டே இருந்தேன். "எனக்கும் அதையே வாங்கு" என்று சொல்லிவிட்டு அம்மா கீழே இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் அத்தை கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து ஒரு பிடி கீரையைக் கையில் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜெனரிக் கடை, முதலில் அவருக்கு வாங்கிப் பார்க்கலாம் என்று நினைத்தது, எட்டு மாதம், அவர் மகன் தந்த பணத்தில் மீந்தது எங்கே போனது என்பது வரை. அத்தை காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"நல்ல மருந்துதான்னு சொல்றாங்கல்ல?" என்று கடைசியில் கேட்டார்.

"ஆமா அத்தை. அதே மருந்துதான்."

"அப்ப சரி. நல்லாத்தான் இருக்கேன் நானும்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அத்தை கீரைத் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. எனக்கு எதாவது ஆகியிருந்தா உங்க அம்மாவுக்கு வாங்காம விட்டிருப்பே. அதானே?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும். அதுதான் உண்மை. அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அழத்தான் செய்தேன். அத்தை என்னைத் தொட்டுத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. "எழுந்து மூஞ்சியக் கழுவு. அவன் வர்ற நேரம்" என்றார்.

பணத்தைப் பற்றி என் கணவரிடமும் அந்த வாரமே சொன்னேன். "கேட்டிருக்கலாமே" என்றார். பிறகு இரண்டு நாள் என்னிடம் அதிகம் பேசவில்லை. மூன்றாவது நாள் தானாகவே சரியானார். அத்தையை நான் பரிசோதனைப் பொருளாக்கியதை அவரிடம் நான் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. அத்தை ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இதுவரை தெரியாது.

அடுத்த மாதம் இருவரையும் அவரவர் டாக்டரிடம் அழைத்துப் போய், எல்லா அட்டைகளையும் மேஜையில் வைத்து, எது இல்லாமல் முடியும் என்று கேட்டேன். அத்தைக்கு ஒரு சத்து மாத்திரையும் ஒரு வாயு மாத்திரையும் நின்றன. அம்மாவுக்கு ஒன்று நின்றது. தில்லைநகர் டாக்டர் எரிச்சல்படுவார் என்று பயந்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே சீட்டில் மருந்தின் பெயர்களையே எழுதிக் கொடுத்தார். நீங்க கேக்கலியே, நானும் எழுதல என்றார். இப்போது இருவருக்கும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்குகிறேன். யார் பார்த்தாலும் கவலைப்படுவதில்லை.

ஆனால் அத்தை அந்தக் கட்டம் போட்ட டப்பாவை என்னிடம் தருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியால் பொடி எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்து, தானே எடுத்து வைத்துக்கொள்கிறார். கண் சரியாகத் தெரியாமல் நேரமாகும். நான் செய்கிறேன் அத்தை என்று ஒரு தடவை கேட்டேன். "பரவாயில்லம்மா, பழகிட்டேன்" என்றார். மற்றபடி என்னிடம் முன்பு போலத்தான் பேசுகிறார், சிரிக்கிறார். என் தலைவலிக்குத் தைலம்கூடத் தேய்த்துவிடுகிறார். அவர் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்துக் கூட்டும் சத்தம் கேட்கும்போது மட்டும் நான் அந்த அறைப் பக்கம் போவதில்லை.